சுவரின் நடுக்கோடும் அறையின் உள்ளளவும்

காவேரிப்பட்டினத்தில் சித்தப்பா கட்டவிருக்கும் வீட்டுக்கு ஸ்வீட் ஹோம் 3டி மென்பொருளில் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். சுவரைச் சுட்டியால் இழுத்துக் கண்ணளவில் நிறுத்துவதைக் காட்டிலும், முதல் புள்ளியைச் சொடுக்கியதும் என்டர் விசையை அழுத்தி, நீளத்தையும் கோணத்தையும் தடிமனையும் எண்களாகவே கொடுத்துவிடுவது நல்லது. ஆனால் அந்த நீளம் சுவரின் நடுக்கோட்டில் கணக்கிடப்படுகிறது. நம் கொத்தனார்கள் அறையை ‘பத்துக்குப் பன்னிரண்டு’ அடி என்று சொல்வதோ பெரும்பாலும் உள்ளளவு, அதாவது சுவருக்குச் சுவர் உள்ளே இருக்கும் இடைவெளி. ஆகவே, நான்கு புறமும் 9 அங்குலச் செங்கல் சுவர் சூழ்ந்த அந்த அறைக்கு, எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டின் பாதித் தடிமனையும் கூட்டி, 10 அடி 9 அங்குலம், 12 அடி 9 அங்குலம் என்றே கொடுக்க வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்று மட்டும் நாலரை அங்குலத் தடுப்புச் சுவராக இருந்தால், கூட்ட வேண்டியது ஆறே முக்கால் அங்குலம்தான்.