குப்பை எழுத்து வந்தால் கம்பியைப் பிடுங்காதீர்கள்

எம்பெடட் லேப் பிராக்டிகலுக்குத் தயாராகும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

மாடல் பிராக்டிகலில் எனக்கு வந்தது இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் உள்ள போர்டு. சென்சார் அளவை சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்பும் எழுத்துகளைக் கணினியில் காட்டும் திரை) காட்ட வேண்டும், அவ்வளவுதான். வேகத்தை (பாட் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை பிட்) 115200 வைத்து ரீசெட் பட்டனை அமுக்கினேன். முதலில் கட்டமும் கேள்விக்குறியுமாக ஏதோ கொட்டியது, பிறகு அளவுகள் ஒழுங்காக வந்தன. அந்த முதல் குப்பையைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. சென்சார் கம்பிகளைப் பிடுங்கிச் செருகினேன், கேபிளை மாற்றினேன், வேறு போர்டும் கேட்டு வாங்கினேன். முக்கால் மணி நேரம் போயிற்று. லேப் அசிஸ்டென்ட் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "குப்பை வருதுன்னா கம்பி நல்லாத்தான் இருக்கும்மா. ஒண்ணுமே வரலைன்னாதான் கம்பியைப் பாக்கணும்" என்றார். மானிட்டரை 74880-க்கு மாற்றி ரீசெட் செய்தார். குப்பை இருந்த இடத்தில் தெளிவான வரி வந்தது, ரீசெட்டுக்கான காரண எண்ணோடு.

74880 எங்கிருந்து வந்தது என்று அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். சிப்பின் பூட் ரோம் (பவர் வந்ததும் முதலில் ஓடும் நிரந்தர நிரல்), கிளாக் துடிப்பைத் தரும் கிரிஸ்டல் 40 மெகாஹெர்ட்ஸ் என்று நினைத்து 115200-க்குக் கணக்குப் போடுகிறது. போர்டில் இருப்பதோ 26. 115200-ஐ 26-ஆல் பெருக்கி 40-ஆல் வகுங்கள், 74880 வரும். இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. பாட் ரேட் என்பது கிளாக்கை வகுத்துக் கிடைப்பது. கிளாக் தப்பினால் அதே விகிதத்தில் வேகமும் தப்பும்.

ராஸ்பெர்ரி பை 3 என்ற சின்னக் கணினி போர்டிலும் இதே கதைதான். நல்ல யூஆர்ட்டை (சீரியலாக அனுப்பி வாங்கும் சுற்று) ப்ளூடூத் எடுத்துக்கொள்ளும். ஜிபிஐஓ 14, 15 பின்களில் நமக்குக் கிடைப்பது மினி யூஆர்ட், அது ஏறி இறங்கும் கோர் கிளாக்கை நம்பி இருப்பது. கான்ஃபிக் கோப்பில் யூஆர்ட்டை இயக்கும் வரியைச் சேர்த்தால் அந்தக் கிளாக் ஓரிடத்தில் நிற்கும்.

வைவாவில் கட்டாயம் வரும் கேள்வி: வேகத்தில் எவ்வளவு பிழை தாங்கும்? ஓர் எழுத்துக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து 10 பிட். ஒவ்வொரு ஸ்டார்ட் பிட்டிலும் வாங்கும் பக்கம் புதிதாக எண்ணத் தொடங்குகிறது. பத்தாவது பிட்டுக்குள் அரை பிட் நகர்ந்துவிட்டால் எழுத்து கெட்டது. அதாவது இரு பக்கமும் சேர்ந்து சுமார் 5 சதவீதம். நான் ஒரு பக்கத்துக்கு 2-க்குள் வைத்துக்கொள்வேன்.

திரையில் எல்லாம் ஒழுங்காக வந்து, தட்டுவது மட்டும் போர்டுக்குப் போகவில்லையா? மினிகாமில் (லினக்ஸில் ஓடும் சீரியல் மானிட்டர்) ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலை, அதாவது 'அனுப்பலாமா' என்று தனிக் கம்பியில் பார்க்கும் வசதியை, அணைத்துப் பாருங்கள். எங்கள் பேட்ச்சில் பலருக்கு நேரம் போனது இதில்தான்.

ஃபைனல் பிராக்டிகலில் எக்ஸ்டர்னல் சார் ஆர்கே3399 சிப் உள்ள ஒரு போர்டைத் தள்ளிவைத்து, "வேகம் சொல்ல மாட்டேன், கண்டுபிடிச்சுக் காட்டும்மா" என்றார். ஒவ்வொரு வேகமாக மாற்றிப் பார்க்கவில்லை. போர்டின் டிஎக்ஸ் (அனுப்பும்) பின்னிலும் கிரவுண்டிலும், துடிப்புகளின் நீளத்தைக் காட்டும் லாஜிக் அனலைசரை மாட்டி, பவர் போட்டு, இருப்பதிலேயே ஒல்லியான பல்ஸைத் தேடினேன், அதுதான் ஒரு பிட்டின் நீளம். 0.67 மைக்ரோ செகண்ட். ஒன்றை அதனால் வகுத்தால் கிட்டத்தட்ட 15 லட்சம். "1500000 சார்" என்று சொல்லி, மினிகாம் மாதிரியே இன்னொரு மென்பொருளான பிகோகாமில் வைத்தேன். மறுபடியும் குப்பை.

அந்த நொடியில் கை கம்பியை நோக்கித்தான் போனது. நிறுத்திக்கொண்டு, போர்டைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி சீரியல் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். அதில் இருந்த சிப் சிபி2102. அது 10 லட்சத்துக்கு மேல் போகாது. "சார், எஃப்டி232 சிப் உள்ள அடாப்டர் இருக்குமா?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மேசை டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். மாற்றிச் செருகி எண்டர் தட்டினேன், லாகின் கேட்டது.