வலி போன பிறகும் ஆறு மாதம்: என் ஏசிஎல் (முழங்கால் தசைநார்) அனுபவம்

யாரும் என்னை இடிக்கவில்லை. கூடையில் விழாமல் தெறித்து வந்த பந்துக்கு (ரீபவுண்டுக்கு) எழும்பிப் பிடித்தேன், இறங்கும்போதே உடம்பைத் திருப்பினேன். இடது கால் தரையில் பட்டதும் முழங்கால் உள்பக்கமாக மடிந்தது. உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். 2023 மார்ச்சில், கொழும்பில் நடந்த கம்பனி அணிகளின் கூடைப்பந்தாட்டம் அது. இரண்டு மணித்தியாலத்துக்குள் முழங்கால் தேங்காய் அளவு வீங்கிவிட்டது.

நான் மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் போல வலைப்பந்துதான் ஆடினேன். உயர்தரம் படிக்க ஹட்டனுக்குப் போனபோது, என் உயரத்தைப் பார்த்து ஒரு மிஸ் கூடைப்பந்துக்கு இழுத்துக்கொண்டார். நம் நாட்டில் கூடைப்பந்து மட்டும் ஆடிப் பெண்கள் பிழைக்க முடியாது. ஒன்று முப்படைகளில் சேர வேண்டும், இல்லையென்றால் அணி வைத்திருக்கும் கம்பனியில் வேலை எடுக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது கம்பனி வேலை. பகலில் கணக்குப் பிரிவு, பின்னேரம் பயிற்சி. அந்த மேசையில் நான் உட்கார்ந்ததே இந்தக் காலை வைத்துத்தான். அதனால் முழங்கால் போனதும் வேலையும் போய்விடும் என்றுதான் முதலில் பயந்தேன்.

முதலில் காட்டிய இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, “எலும்பு உடையவில்லை, சுளுக்குத்தான், ரெண்டு கிழமை ரெஸ்ட் எடுங்க” என்று அனுப்பிவிட்டார்கள். தசைநார் அறுந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து எண்ணெய்க் கட்டு போட்டோம். வீக்கம் வடிந்தது, நடக்கவும் முடிந்தது. சுகமாகிவிட்டது என்றே எல்லாரும் நினைத்தோம். ஒருநாள் எங்கள் லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, பைப்படிக்குப் படியிறங்கினேன். தொடையும் கெண்டைக்காலும் வேறு வேறாகக் கழன்றதுபோல முழங்கால் வழுக்கியது. வாளியோடு விழுந்தேன். இதைப் படிக்கும் தங்கச்சிமார் தயவுசெய்து கேளுங்கள்: ‘டக்’ சத்தம், சில மணித்தியாலத்துக்குள் வீக்கம், பிறகு கால் நழுவுவது, இந்த மூன்றும் இருந்தால் எக்ஸ்ரேயோடு திருப்தியடைந்து வீட்டுக்கு வராதீர்கள். எலும்பு வைத்திய நிபுணர் ஒருவர் முழங்காலைக் கையால் இழுத்துப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார். நான் இரண்டு மாதத்தை வீணாக்கினேன்.

கண்டியில் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்ததும் தெளிவாகிவிட்டது. ஏசிஎல், முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் தசைநார், முழுதாக அறுந்திருந்தது. ஓட்டத்தில் திடீரென்று திரும்புகிற, குதித்து இறங்குகிற ஆட்டங்களில் இது ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக நடக்கும் என்று டொக்டர் சொன்னார். இதை ஏன் பயிற்சியில் ஒருவரும் சொல்லித் தரவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. எம்ஆர்ஐ காசுக்கு அம்மா சீட்டுப் பணத்தை எடுத்தார். அப்போது கொழுந்து பறிக்க ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய்.

ஓகஸ்டில் ஒபரேஷன். பின்தொடைத் தசையின் நாணிலிருந்து ஒரு துண்டு எடுத்து, எலும்பில் துளையிட்டு, அறுந்த இடத்தில் பொருத்தினார்கள். நான் தூங்கியபடி இருந்த பகுதி அது, சொல்ல அதிகம் இல்லை. கஷ்டம் வீட்டில்தான் தொடங்கியது.

எங்கள் லயத்துக்கு ரோட்டிலிருந்து 64 படி. அதில் பாதி மண்படி, மழையில் பாசி. மாமாவும் தம்பியும் கதிரையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். கக்கூஸ் குந்துகிற மாதிரியானது. மாமா ஒரு பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் வட்டமாக வெட்டி, ஓரத்தைச் சூடு காட்டி மழுக்கி, அதன்மேல் வைத்துத் தந்தார். அந்தக் கதிரை இல்லாவிட்டால் முதல் மாதத்தை நான் எப்படிக் கடந்திருப்பேன் என்று தெரியவில்லை. மலையில் ஒபரேஷனுக்குப் போகிறவர்கள் ஊன்றுகோலுக்கு முன்பே இதைத் தயார்பண்ணுங்கள்.

பிசியோ அக்கா முதல் நாளே சொன்னார்: “மடக்கிறது பிறகு வரும். முதல்ல கால் முழுசா நீளணும்.” குப்புறப் படுத்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கணுக்காலில் அரைச் செங்கல் போட்ட பையை மாட்டிக்கொள்வேன். பிறகு மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து அழுத்தச் சொல்வார். முன்தொடைத் தசை அசையவே இல்லை. என் கால்தான், மூளை சொல்வதை அது கேட்கவில்லை. ஆறாம் நாள் இரவு, பல்ப் வெளிச்சத்தில், தோலுக்கடியில் ஒரு சின்னத் துடிப்பு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அம்மா 27 வருஷமாகக் கொழுந்துக் கூடையோடு அந்தச் சரிவில் இறங்குகிறவர். அவருக்கும் முழங்கால் வலி. இரண்டாம் மாதத்திலிருந்து பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து கால் தூக்கினோம். ரப்பர் பட்டிக்குப் பதில் பழைய சைக்கிள் டியூப், பாரத்துக்கு மணல் கட்டிய உரபேக். நல்ல ஜிம் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் பிசியோவை விடாதீர்கள். மாதத்துக்கு ஒரு தடவையாவது போனேன். பஸ்ஸில் பின்கதவுப் பக்கத்து ஸீட், கால் நீட்ட இடமிருக்கும்.

ஐந்தாம் மாதம் வலி முற்றாகப் போய்விட்டது. உண்மையான ஆபத்து அங்கேதான் வந்தது. 2024 ஜனவரி. போட்டி வருகிறது, வருகிறாயா இல்லையா என்று கொழும்பிலிருந்து ஃபோன். இல்லையென்றால் அடுத்த வருஷம் இடம் இருக்குமோ தெரியாது என்ற மாதிரிப் பேச்சு. பெட்டியைக் கட்டியே விட்டேன். பிசியோ அக்காவிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று போனபோது அவர் என்னை உட்கார வைத்தார். வைத்துத் தைத்த நாண் உள்ளே மெதுவாகத்தான் தசைநாராக மாறும், வலி போவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். 2016ல் வந்த நோர்வே ஆய்வு ஒன்றையும் சொன்னார். ஒபரேஷன் முடிந்து ஒன்பது மாதம்வரை, ஆடப் போகாமல் ஒவ்வொரு மாதம் பொறுக்கும்போதும், மறுபடி காயப்படுகிற வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறதாம்.

அன்றிரவு ஃபோனில் அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை பேஜ் பெக்கர்ஸ் ஆடுவதைப் பார்த்தேன். 2022 ஓகஸ்டில் அவருக்கு ஏசிஎல் அறுந்தது. ஒரு பருவம் முழுக்க வெளியே இருந்துவிட்டு 2023 நவம்பரில்தான் திரும்பினார். இன்னொரு அமெரிக்க வீராங்கனை சூ பேர்ட் 1998ல் கல்லூரி முதல் வருஷத்திலேயே ஏசிஎல்லை அறுத்துக்கொண்டவர். அதற்குப் பிறகு சியாட்டில் அணியோடு அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏயில் நான்கு பட்டம், நாட்டு அணியோடு ஐந்து ஒலிம்பிக் தங்கம். 2022 வரை ஆடினார். அவர்களுக்குப் பின்னால் ஒரு மருத்துவக் குழுவே நின்றது, எனக்கு உரபேக். என்றாலும் அவர்களும் காத்திருந்தார்கள் என்பது எனக்குப் போதுமாக இருந்தது. காலையில் பெட்டியை அவிழ்த்தேன். சம்பளமில்லாத லீவை நீட்டச் சொல்லிக் கடிதம் எழுதினேன். தந்தார்கள்.

பிறகு குதிக்கக் கற்றுக்கொண்டேன். இருபது வயதைத் தாண்டியவளுக்கு யாரோ முதல்முறையாகக் குதித்து இறங்கச் சொல்லித் தந்தார்கள். முதலில் தாழ்ந்த படியிலிருந்து, பிறகு உயர்ந்த படியிலிருந்து. முழங்கால் கால்விரலுக்கு நேராக நிற்க வேண்டும், உள்ளே போகக் கூடாது, சத்தம் வராமல் இறங்க வேண்டும். தம்பி முன்னால் நின்று வீடியோ எடுப்பான். “அக்கா, உள்ள போகுது” என்று கத்துவான். நூறு தடவை கத்தியிருப்பான்.

ஒன்பதாம் மாதம் ஒற்றைக்கால் தாண்டல் சோதனை, ஒரே காலில் எவ்வளவு தூரம் தாண்டுகிறேன் என்று அளப்பது. வலது கால் 157 சென்டிமீட்டர், இடது 132. வலது காலை நூறாக வைத்தால் இடது 84. குறைந்தது 90 வேண்டும். பஸ்ஸில் வரும்போது நோர்வூட் வரை அழுதேன். நாட்கணக்கில் பார்த்தால் முடிந்துவிட்டது, கால் அளவில் முடியவில்லை. இன்னும் இரண்டு மாதம், அதே பாய், அதே டியூப்.

ஜூலையில் மறுபடி அளந்தார்கள். வலது 158, இடது 146. பிசியோ அக்கா கல்குலேட்டரில் தட்டி, 92 என்று என் கிளினிக் புத்தகத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, “இப்ப போ” என்றார்.

கொழும்புக்குப் போகுமுன் ஹட்டனில் பழைய தார்க் கோர்ட்டுக்குப் போனேன். மழை விட்டு ஈரம் காய்ந்திருந்தது. தம்பி பந்தைப் பலகையில் எறிந்தான். எழும்பினேன், பிடித்தேன், இறங்கினேன். இந்தத் தடவை அவன் ஒன்றும் கத்தவில்லை.