ஃப்ளேரில் எரியாமல் போகிற அந்த இரண்டு சதவீதம்

எண்ணெய்க் கிணற்று சைட்டில் ஃப்ளேர், அதாவது வேண்டாத வாயுவை உச்சியில் கொளுத்திவிடும் குழாய், எரிகிறதா இல்லையா என்று பகலில் பார்த்துச் சொல்வது ரொம்பக் கஷ்டம். வெளியாட்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள், அவ்வளவு உயரக் குழாய், உச்சியில் தீ, அது எப்படித் தெரியாமல் போகும் என்பார்கள். ஆனால் வாயு சுத்தமாக எரிந்தால் உச்சி வெயிலில் சுடர் கண்ணுக்கே படாது. குழாய்க்கு மேலே காற்று கானல் மாதிரி நெளியும், அவ்வளவுதான், அதுவும் நின்று உற்றுப் பார்த்தால். அணைந்துபோன ஃப்ளேரும் தூரத்திலிருந்து பார்க்க அப்படியேதான் இருக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மாசு விதிகளுக்கான ரெக்கார்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த சமயம். வாயுக்கசிவு தேடும் கேமராவோடு ஒருவர் வந்தார். அது அகச்சிவப்பில் பார்க்கும் கேமரா, வெறும் கண்ணுக்குத் தெரியாத மீத்தேன் அதன் திரையில் புகை போலத் தெரியும். செபரேட்டர், டேங்க் மூடி, வால்வு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கடைசியில் சும்மா ஃப்ளேர் பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேமராவை என் கையில் கொடுத்தார். குழாய் வாயிலிருந்து கருப்பாக ஒரு கற்றை கிளம்பி, காற்றோடு சாய்ந்து, போய்க்கொண்டே இருந்தது. சுடரைக் காணோம்.

பைலட், அதாவது ஃப்ளேரைப் பற்றவைக்க எப்போதும் எரிய வேண்டிய சின்னச் சுடர், எப்போது அணைந்தது என்று தேடினால், முந்தின இரவே அலாரம் அடித்திருக்கிறது. பைலட்டின் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் அடிக்கடி பொய் அலாரம் கொடுக்கும் என்று ஷிஃப்டில் இருந்தவர்கள் அதை ஊமையாக்கி வைத்திருந்தார்கள். புலி வருது கதைதான். அவர்களைத் திட்டவும் மனசு வரவில்லை, அந்தக் கருவியை மாற்றச் சொல்லி அவர்களே இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

கிணற்றிலிருந்து எண்ணெய் மட்டும் தனியாக வராது, கூடவே வாயுவும் தண்ணீரும் வரும். எண்ணெயை லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாம். வாயுவுக்கு பைப்லைன் வேண்டும், அதைத் தள்ள கம்ப்ரசர் வேண்டும், மறுமுனையில் வாங்கிக்கொள்ள ஒரு ஆலை வேண்டும். இதில் ஏதாவது ஒன்று தயாராக இல்லையென்றால் எண்ணெயை நிறுத்த யாருக்கும் மனசு வராது, வாயுவைக் கொளுத்திவிடுவார்கள். சும்மா வெளியே விடுவதற்குக் கொளுத்துவது எவ்வளவோ மேல் என்பது உண்மைதான், ஏனென்றால் 20 வருடக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் சூட்டைப் பிடித்துவைக்கும். ஆனால் இந்த நியாயம் எல்லாம் வாயு நிஜமாகவே எரிந்தால்தான்.

கணக்குப் போடும்போது எல்லோரும் 98 சதவீதம் எரிந்துவிடும் என்றே எடுத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் ஃபார்ம் நிரப்பினேன், அது எங்கிருந்து வந்த எண் என்று ஒருநாளும் கேட்டதில்லை. 2022-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் ஒரு ஆய்வு வெளியானது. பெர்மியன், பாக்கன், ஈகிள் ஃபோர்டு என்று அமெரிக்காவின் மூன்று பெரிய எண்ணெய் வயல்களில் விமானத்தில் பறந்து ஃப்ளேர்களின் புகைக்கற்றைக்குள்ளேயே புகுந்து அளந்திருக்கிறார்கள். அணைந்து கிடந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மீத்தேனில் சுமார் 91 சதவீதம்தான் அழிகிறது என்று வந்தது. 98-க்கும் 91-க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். தப்பிப் போவதைப் பாருங்கள்: 2 எங்கே, 9 எங்கே. நான் நிரப்பிய ஃபார்மில் இருந்ததைப்போல நாலு மடங்குக்கு மேல் வானத்தில்.

அமெரிக்க ஃப்ளேர் விதியைப் படித்தால் எளிமையாகத்தான் இருக்கும். பைலட் எப்போதும் எரிய வேண்டும். தொடர்ந்த இரண்டு மணி நேரத்தில் மொத்தம் 5 நிமிடத்துக்கு மேல் புகை தெரியக் கூடாது. எரிக்கும் வாயு எரியும்போது ஓரளவு சூடு தர வேண்டும், காற்றோ நீராவியோ சேர்க்கிற ஃப்ளேருக்கு ஒரு கன அடிக்கு 300 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு), சேர்க்காததற்கு 200. குழாய் வாயில் வாயுவின் வேகத்துக்கும் ஒரு வரம்பு உண்டு, வேகம் மீறினால் சுடர் குழாயை விட்டு எகிறி அணைந்துவிடும். இவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் உள்ளே வருகிறார்கள்.

சிக்கல் புகையில் ஆரம்பிக்கிறது. கரும்புகை வந்தால் அது எல்லோருக்கும் தெரியும், ரோட்டில் போகிறவர் போனில் படம் எடுப்பார், புகார் வரும். எனவே ஆபரேட்டருக்கு முதல் எதிரி புகை. காற்று போதாததால்தான் புகை, அதனால் காற்றை ஊதும் புளோயரைக் கூட்டுவார், புகை போய்விடும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் காற்று அளவுக்கு மீறினால் சுடர் குளிர்ந்துவிடும், ஓரத்தில் போகிற மீத்தேன் எரியாமலேயே நழுவும், அதை யாரும் படம் எடுக்க முடியாது. நான் பார்த்த சில சைட்டுகளில் புளோயருக்கு ஒரே வேகம்தான். கிணறு புதிதாகத் திறந்து வாயு பீறிட்டு வரும் நாளுக்கும், ஒரு வருடம் கழித்து அது முனகிக்கொண்டு வரும் நாளுக்கும் அதே காற்று. அடுப்பில் தீ சிறிதாக இருக்கும்போது ஊதுகுழலை வைத்து முழு மூச்சில் ஊதினால் என்ன ஆகும்? அதேதான்.

அதோடு இன்னொன்று. ஃப்ளேரின் அளவைத் தீர்மானிப்பது ஆபத்து நேரம். கம்ப்ரசர் நின்று மொத்த வாயுவும் ஒரே நேரத்தில் வந்தாலும் தாங்க வேண்டும் என்று அகலமாகச் செய்திருப்பார்கள், அது நியாயம்தான். ஆனால் வருடம் முழுக்க அந்த அகலக் குழாயில் கொஞ்சூண்டு வாயுதான் போகும். சுடர் குழாய் வாயிலேயே சோம்பலாக நக்கிக்கொண்டிருக்கும், பலமாகக் காற்றடித்தால் பக்கவாட்டில் படுத்துவிடும். சின்னதும் பெரியதுமாக இரண்டு வைத்தால் தீர்ந்தது, ஆனால் இரண்டாவது ஃப்ளேருக்கு பட்ஜெட் கேட்டுப் பாருங்கள், உங்கள் பொறுமை எவ்வளவு என்று தெரிந்துவிடும். வாயுவோடு எண்ணெய்த் துளி போகாமல் பிடிக்கிற டிரம்மையும் அவ்வப்போது வடிகட்ட வேண்டும், மறந்தால் மேலேயிருந்து நெருப்பு மழை.

ரெக்கார்டு விஷயம் தனி வேதனை. பல சிறிய சைட்டுகளில் ஃப்ளேருக்குப் போகும் வாயுவை மீட்டர் வைத்து அளப்பதில்லை, ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு இவ்வளவு வாயு என்ற பழைய விகிதத்தை வைத்துப் பெருக்கிப் போடுகிறார்கள். ஒரு தடவை ஒரு மாத ஷீட்டைத் திறந்தேன், முப்பது நாளும், மணிக்கு மணி, ஒரே எண். தசமப் புள்ளிக்குப் பிறகுகூட மாறவில்லை. கிணறு அவ்வளவு ஒழுக்கமாக நடந்துகொள்ளாது. தணிக்கைக்கு வருகிறவர் முதலில் கவனிப்பதும் அதைத்தான், விட்டுப்போன கட்டத்துக்கு காரணம் எழுதிச் சமாளிக்கலாம், அழகாக நிரம்பிய பொய்க்கு ஒன்றும் எழுத முடியாது.

சட்டம் போட்டால் சரியாகிவிடுமா என்றால் அதற்கும் இரண்டு பக்கமும் உதாரணம் இருக்கிறது. நைஜீரியா 1979-லேயே சட்டம் போட்டு, 1984 ஜனவரி 1-க்குப் பிறகு அமைச்சர் அனுமதி இல்லாமல் எரிக்கக் கூடாது என்றது. அனுமதி கிடைத்துக்கொண்டே இருந்தது, அபராதமோ வாயுவைப் பிடிக்கிற செலவைவிட மலிவு. உலகில் அதிகம் எரிக்கும் நாடுகள் வரிசையில் அது இன்றும் இருக்கிறது. நார்வேயில் பாதுகாப்புக் காரணம் தவிர எரிக்க எழுபதுகளிலிருந்தே அனுமதி கிடையாது, 1991-லிருந்து கடலில் எரிப்பதற்கு கார்பன் வரியும் உண்டு. அங்கே வாயுவுக்கு வழி என்ன என்று சொன்ன பிறகுதான் எண்ணெய்த் திட்டமே நகரும். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலம் இடையில் ஒரு வழி பிடித்தது. 2014 தொடக்கத்தில் அங்கே வெளிவந்த வாயுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வருடமே, இத்தனை சதவீதம் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் உற்பத்தியைக் குறை என்று விதி வந்தது. எண்ணெயில் கை வைத்ததும் பைப்லைனுக்கும் ஆலைக்கும் பணம் வெளியே வந்தது. என்னைக் கேட்டால் அபராதத்தைவிட இது நூறு மடங்கு வேலை செய்யும்.

வழக்கமாக எரிப்பதை 2030-க்குள் நிறுத்துவோம் என்று உலக வங்கி 2015-ல் அழைத்தபோது பல அரசுகளும் கம்பெனிகளும் கையெழுத்துப் போட்டன. 2023-ல் உலகம் முழுக்க எரித்தது சுமார் 148 பில்லியன் கன மீட்டர். இந்த எண் கம்பெனிகள் எழுதிக் கொடுத்தது இல்லை, இரவில் பூமியைப் பார்க்கும் செயற்கைக்கோள்கள் சுடரின் வெப்பத்தை வைத்துக் கணக்கிடுவது. அதில் ஒரு வேடிக்கை உண்டு: செயற்கைக்கோள் பார்ப்பது எரிகிற ஃப்ளேரைத்தான். அணைந்துபோனது அந்தக் கணக்கில் இருட்டு, வாயுவை எரிக்காத நல்ல சைட் மாதிரியே தெரியும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 மீத்தேன் சட்டம் ஃப்ளேர் வடிவமைப்பிலேயே 99 சதவீதம் கேட்கிறது. கேட்கட்டும், நல்லதுதான். ஆனால் நான் இப்போது ஒரு சைட்டுக்குப் போனால் வடிவமைப்பு சர்டிபிகேட்டைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். பைலட் வெப்பநிலையின் கடைசி ஒரு மாத வரைபடத்தை முதலில் திறக்கச் சொல்கிறேன், அப்புறம் ஊமையாக்கி வைத்திருக்கும் அலாரங்களின் பட்டியல். போன வாரம் போன இடத்தில் அந்தப் பட்டியலில் பதினான்கு இருந்தன. ஃப்ளேர் அலாரம் ஒன்பதாவது வரியில்.