டோபமைன் ஆக்சிலரேட்டர், செரட்டோனின் பிரேக்காம்!

செரட்டோனின்னா சந்தோஷம், டோபமைன்னா கிக்குன்னு ரீல்ஸ்ல எல்லாரும் அடிச்சு விடுறாங்க, ஆனா நரம்பு செல்லுங்க சுரக்கற இந்த ரெண்டு கெமிக்கலும் சேர்ந்துதான் ஒரு உயிர் எப்படி நகரணும்னே முடிவு பண்ணுதுன்னு யாரும் பேசறதில்ல. பேசுற ஒண்ணு ரெண்டு பேரும் டோபமைன் ஆக்சிலரேட்டர், செரட்டோனின் பிரேக்னு முடிச்சிடுறாங்க. அவ்வளவு சிம்பிள் இல்லங்க.

சி. எலிகன்ஸ்னு ஒரு புழு, நீளம் சுமார் ஒரு மில்லிமீட்டர், மொத்தமே 302 நியூரான் (நரம்பு செல்), அதுல டோபமைன் சுரக்கறது வெறும் 8. சாப்பாடு பாக்டீரியா. வயிறு நிறைஞ்ச புழு பாக்டீரியா இருக்கற இடத்துல நுழைஞ்சதும் லேசா ஸ்லோ ஆகும், அதுக்குக் காரணம் டோபமைன், ஆமா, ஆக்சிலரேட்டர்னாங்களே அதேதான். அதே புழுவ அரை மணி நேரம் பட்டினி போட்டு விட்டா இன்னும் ரொம்பவே ஸ்லோ ஆகும், அந்த எக்ஸ்ட்ரா ஸ்லோவுக்கு செரட்டோனின் வேணும். இதுல செம மேட்டர் என்னன்னா, சாப்பாட்டுக்குப் பதிலா வெறும் குட்டி ஜெல் உருண்டைங்கள பரப்பி வச்சாலும் வயிறு நிறைஞ்ச புழு ஸ்லோ ஆகுது, அதாவது டோபமைன் நியூரான் ருசியெல்லாம் பாக்கல, உடம்புல ஏதோ உரசுதான்னுதான் பாக்குது.

தரையில ஊர்றதுல இருந்து தண்ணியில நீந்த மாறணும்னா செரட்டோனின், தண்ணிய விட்டு வெளிய வந்து திரும்ப ஊரணும்னா டோபமைன்னு 2011ல ஒரு ஆய்வு வந்துச்சு.

சரி, புழுவ விடுங்க. 1957ல அர்விட் கார்ல்சன்னு ஒரு ஸ்வீடன் விஞ்ஞானி முயலுங்களுக்கு ரெசர்பின்னு ஒரு மருந்து குடுத்தாரு, அது மூளையில ரெண்டு கெமிக்கலையும் காலி பண்ணிடும், முயல் அசையாம கிடக்கும். டோபமைன் உருவாகறதுக்கான மூலப்பொருளான எல்-டோபா குடுத்ததும் எழுந்திருச்சிடுச்சு, செரட்டோனின் உருவாகறதுக்கான மூலப்பொருள குடுத்தப்போ ஒண்ணும் நடக்கல. அப்போ நடமாட்டத்துக்கு டோபமைன் மட்டும் போதும்னுதானே தோணும்?

இல்ல. உடம்பு அசைவு தடுமாறுற பார்க்கின்சன் நோய்ல டோபமைன் செல்லுங்க பெரும்பாலும் செத்துப்போன அப்புறம், மாத்திரையா போற எல்-டோபாவ வாங்கி டோபமைனா மாத்தி விடுறதுல பெரிய பங்கு செரட்டோனின் நியூரான்களுக்குத்தான், தேவையான என்சைம் அதுங்ககிட்டயும் இருக்கு. ஆனா எப்போ நிறுத்தணும்னு சொல்ற டோபமைன் சென்சார் அதுங்ககிட்ட கிடையாது, அதனால கண்டபடி கொட்டிடுது, நாளாக ஆக கை கால் தானா நெளிய ஆரம்பிக்குது. டிஸ்கினீசியான்னு சொல்றது இதத்தான். எலிங்கள்ல செரட்டோனின் நியூரான்கள அழிச்சுப் பாத்தப்போ, அதே எல்-டோபா குடுத்தும் இந்த நெளிவு கிட்டத்தட்ட காணாமப் போயிடுச்சு.