முதல் கேள்வியே "நீ குடித்திருந்தாயா?"

அமெரிக்கக் கடலோரக் காவல் படைக்கு கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டனில் ஓர் அதிகாரிகள் கல்லூரி இருக்கிறது. 1988க்கும் 2006க்கும் இடையில் அங்கே நடந்த பாலியல் குற்றங்களை அந்தப் படையே பின்னாளில் சில வருடங்கள் விசாரித்தது. 60க்கும் மேற்பட்ட சம்பவங்கள் உண்மை என்று அதன் சொந்த விசாரணையிலேயே தெரிந்தது. 2020இல் வேலை முடிந்தது. முடிந்ததும் என்ன செய்தார்கள்? அறிக்கையை உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக்கூடச் சொல்லவில்லை. 2023 ஜூனில் சிஎன்என் வெளியே கொண்டுவந்த பிறகுதான் மன்னிப்பு, விசாரணை எல்லாம். 1988இல் பதினெட்டு வயதில் அங்கே சேர்ந்த ஒரு பெண்ணுக்கு அந்த மன்னிப்பு வந்து சேரும்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும்.

இந்தச் செய்தியை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டது என் அக்கா. அவள் மகள் இங்கே சிங்கப்பூரில் தொடக்கக்கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள், ஆகாயப் படையில் சேர வேண்டும், அதற்கு உபகாரச் சம்பளம் கேட்டு மனுப் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நம் ஆயுதப் படை சிலரை வெளிநாட்டு ராணுவக் கல்லூரிகளுக்கும் அனுப்புவது உண்டு: அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட், பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட், கான்பராவில் உள்ள ஆஸ்திரேலியத் தற்காப்புக் கல்லூரி இப்படி. அதனால் அக்காவின் கவலை நியாயமானதுதான். எரிச்சல் வந்தது அதற்குக் கீழே சித்தப்பா போட்ட பதிலைப் பார்த்துத்தான். "ஆம்பளையும் பொம்பளையும் ஒரே இடத்துல தங்கினா இப்படித்தான் ஆகும், பொண்ணை வேற படிப்புக்கு அனுப்பு."

சரி, அப்படியானால் ஆண்களுக்கு ஏன் நடக்கிறது? அமெரிக்காவின் மூன்று ராணுவக் கல்லூரிகளில் 2022இல் பெயர் கேட்காமல் ஒரு கணக்கெடுப்பு எடுத்தார்கள். முந்திய ஒரு வருடத்தில் விருப்பமில்லாத பாலியல் தொடுகைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 21.4 சதவீதம், 2018இல் அது 15.8ஆக இருந்தது. ஆண்களில் 4.4 சதவீதம். அங்கே ஆண்கள்தான் பெரும்பான்மை என்பதால் 4.4 ஒன்றும் சின்னக் கூட்டமில்லை. நம் ஊரில் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவ சேவைக்கு, ஆண் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்கள் இந்த இரண்டாவது எண்ணையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தில் வன்புணர்வு என்பதன் வரையறையில் ஆண்களும் பாதிக்கப்பட்டவர்களாகச் சேர்ந்ததே 2020 ஜனவரியில்தான்.

யார் யாருடன் தங்கினார்கள் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. கெட்டவன் எல்லா இடத்திலும் இருப்பான். ராணுவக் கல்லூரி மட்டும் ஏன் திரும்பத் திரும்பச் செய்தியில் வருகிறது என்று கேட்டால், புகார் கொடுப்பவர் அங்கே முதலில் தன்னைத்தான் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது, எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

2011இல் கான்பரா கல்லூரியில் நடந்ததைப் பாருங்கள். செய்திகளில் கேட் என்று மட்டும் அழைக்கப்பட்ட 18 வயது மாணவி. சக மாணவன் ஒருவனுடன் விருப்பப்பட்டு அவள் இருந்த நேரத்தை, அவளுக்குத் தெரியாமல் ஸ்கைப் வழியாக இன்னோர் அறைக்கு ஒளிபரப்பினார்கள், அங்கே அவன் நண்பர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். நிர்வாகத்தின் மேல் நம்பிக்கை போய் அவள் தொலைக்காட்சிக்குப் போனாள். நாடே பேசிய அதே வாரத்தில் கல்லூரி அவள் மேல் வேறொரு ஒழுங்கு நடவடிக்கையை நடத்தி முடித்தது. மது அருந்தியது, அனுமதி இல்லாமல் வெளியே இருந்தது என்று பழைய கணக்கு. அந்த நேரத்தில் அதை ஏன் நடத்தினீர்கள் என்று தற்காப்பு அமைச்சர் ஸ்டீஃபன் ஸ்மித் வெளிப்படையாகவே கொதித்தார், கல்லூரித் தலைவரை விடுப்பில் அனுப்பினார்கள். பிறகு வந்த விசாரணை, தலைவரின் முடிவில் சட்டப்படி தவறில்லை என்றது. 2012இல் அவர் திரும்பி வந்தார். அமைச்சர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஒளிபரப்பில் சம்பந்தப்பட்ட இரண்டு மாணவர்கள் 2013இல் நீதிமன்றத்தில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, ஆனால் சிறை இல்லை, நன்னடத்தைப் பிணையோடு முடிந்தது.

தலைவர் விதியைத்தான் பின்பற்றினார் என்பதை நான் நம்புகிறேன். என்னை உறுத்துவதும் அதுதான். விதிப்படியே நடந்து இந்த இடத்துக்கு வந்து நிற்க முடிகிறது.

முகாமில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். இருபத்து நான்கு மணி நேரமும் விதிக்குள் வாழும் இடத்தில் எல்லோருமே ஏதோ ஒரு சின்ன விதியை மீறிக்கொண்டுதான் இருப்பார்கள். விளக்கணைத்த பிறகு வேறு பங்க்கில், அதாவது வேறு படுக்கையறையில், உட்கார்ந்து அரட்டை, முகாமுக்குத் திரும்பும் புக் இன் நேரத்துக்குக் கொஞ்சம் தாமதம், பையில் எதையாவது மறைத்துக் கொண்டுவருவது. யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், யாராவது வாயைத் திறக்கும் வரை. அந்த வேறு பங்க்கில் உனக்கு ஏதாவது நடந்தால், நடந்ததைச் சொல்ல நீ முதலில் "நான் இருக்கக் கூடாத இடத்தில் இருந்தேன்" என்று சொல்ல வேண்டும். உனக்கு சார்ஜ், அதாவது ஒழுங்கு நடவடிக்கை, நிச்சயம். அவனுக்கு என்ன ஆகும் என்பது போகப் போகத்தான் தெரியும். இதற்கு மேல் சபோ, அதாவது மற்றவர்களை மாட்டிவிட்டவன் என்ற பெயர் வருமோ என்ற பயம் ஒன்று இருக்கிறது. ஒருவனால் பிளட்டூன் முழுக்க வீக்கெண்ட் போச்சு என்றால் அவன் பெயர் கடைசி நாள் வரை சபோ கிங்தான். நான் தேசிய சேவையில் இருந்தபோது, ஒரு கமாண்டர் வாய்க்கு வந்தபடி பேசுகிறார் என்று எங்களில் ஒருவன் மேலே போய்ச் சொன்னான். சக வீரர்களே ஒருவரையொருவர் வரிசைப்படுத்தும் அடுத்த பியர் அப்ரைசலில் எங்கள் செக்‌ஷனில் அவனுக்குத்தான் கடைசி இடம். யாரும் கூடிப் பேசித் திட்டம் போடவில்லை, தனித்தனியாக எழுதியே அப்படி வந்தது. அது வெறும் திட்டு விஷயம். இதையே பாலியல் புகாராக வைத்துப் பாருங்கள், அதோடு அந்த வரிசைதான் உன் பதவியையும் போஸ்டிங்கையும் முடிவு செய்யும் ஒரு அதிகாரிகள் பள்ளியில் வைத்துப் பாருங்கள்.

கொலராடோவில் உள்ள அமெரிக்க ஆகாயப் படைக் கல்லூரியில் இந்தச் சின்னத் தப்பு விஷயம் 2003இலேயே வெட்டவெளிச்சமானது. புகார் கொடுத்த மாணவிகள் பலர், குடித்ததற்காகவோ மூத்த மாணவர்களோடு பழகியதற்காகவோ நாங்கள்தான் தண்டனை வாங்கினோம் என்றார்கள். அந்த வருடம் பட்டம் பெற்ற பெண்களில் ஏறக்குறைய 12 சதவீதம் பேர் வன்புணர்வுக்கோ அதற்கான முயற்சிக்கோ ஆளானதாகக் கணக்கெடுப்பில் சொன்னார்கள். தலைமையில் இருந்தவர்களை மாற்றினார்கள். நுழைவுச் சரிவில் "ஆண்களைக் கொண்டு வாருங்கள்" என்று பெரிய எழுத்தில் இருந்த வாசகத்தைக் கழற்றினார்கள். எழுத்தைக் கழற்ற ஏணியும் ஆளும் போதும். புகார் கொடுப்பவரின் சில்லறைத் தப்புகளுக்குத் தண்டிக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டத்தில் எழுதுவதற்கு 2021 ஆகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. வெஸ்ட் பாயிண்டில் ஒரு நெறி உண்டு: பொய் சொல்லாதே, ஏமாற்றாதே, திருடாதே, செய்பவரைப் பொறுத்துக்கொள்ளவும் செய்யாதே. அந்தக் கடைசிப் பகுதி முக்கியம், பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாலும் குற்றம். 2020இல் கணிதத் தேர்வில் ஏமாற்றியதாக 73 பேரைப் பிடித்தார்கள், பல பேர் ஒரே மாதிரித் தப்பு போட்டிருந்ததை வைத்து. கால்குலஸ் தாளில் இவ்வளவு கூர்மையான கண், பக்கத்து அறை என்று வந்தால் எங்கே போகிறது என்று தெரியவில்லை.

வழக்கு தொடுப்பதா வேண்டாமா என்பதைக் கமாண்டர் முடிவு செய்யலாமா என்பதுதான் அமெரிக்காவில் பத்து வருடச் சண்டை. செனட்டர் கிர்ஸ்டன் கில்லிபிராண்ட் 2013இல் அதைக் கமாண்டரிடமிருந்து எடுக்கச் சொன்னபோது படைத் தலைவர்கள் வரிசையாக உட்கார்ந்து எதிர்த்தார்கள். கட்டுப்பாடு குலையும், கமாண்டர்தான் பொறுப்பு என்றால் அதிகாரமும் அவரிடம் இருக்க வேண்டாமா என்றார்கள். இந்த வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். பொறுப்பை மட்டும் கொடுத்துவிட்டு அதிகாரத்தைப் பிடுங்கினால் எந்தக் கமாண்டரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஆனால் இதே கமாண்டர்தான் குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் நற்சான்று எழுதுகிறார், தன் யூனிட்டில் இப்படி நடந்தது என்றால் தன் பதவி உயர்வும் போகும். இவ்வளவையும் ஒரே மனிதர் தலையில் வைத்துவிட்டு நடுநிலையாக இரு என்பது அவருக்கும் அநியாயம். 2014 மார்ச்சில் அந்த மசோதாவுக்கு 55 வாக்கு, எதிராக 45, தேவைப்பட்டது 60. கடைசியில் 2021 இறுதியில் சட்டமாகி, 2023 டிசம்பரிலிருந்து பாலியல் தாக்குதல் போன்ற வழக்குகளைத் தனி ராணுவ வழக்கறிஞர்கள் முடிவு செய்கிறார்கள். தென்கொரியாவில் 2021இல் ஆகாயப் படைப் பெண் ஒருவர் தற்கொலை செய்துகொண்டதும் படைத் தலைவர் பதவி விலகினார், அடுத்த வருடமே பாலியல் குற்ற வழக்குகள் சாதாரண நீதிமன்றத்துக்கு மாறின.

கனடா கதை நமக்குக் கொஞ்சம் நெருக்கம், அப்போதைய தற்காப்பு அமைச்சர் அனிதா ஆனந்தின் அப்பா தமிழ்நாட்டுக்காரர். 2015இல் அங்கே பாலியல் முறைகேட்டை ஒழிக்கிறேன் என்று பெரிய அளவில் ஒரு திட்டம் தொடங்கினார் தலைமைத் தளபதி ஜானதன் வான்ஸ். அதே வான்ஸ் 2022இல் நீதிக்கு இடையூறு செய்ததாக ஒப்புக்கொண்டு நீதிமன்றத்தில் நின்றார். நிபந்தனையோடு விடுதலை, குற்றப் பதிவு இல்லை. அதே வருடம் முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி லூயிஸ் ஆர்பர் கொடுத்த அறிக்கை, பாலியல் குற்றங்களை ராணுவத்திடமிருந்து முழுசாக எடுங்கள் என்றதோடு நிற்கவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைகளை இருபது வயதுப் பிள்ளைகளே அதட்டி ஆளும் ராணுவக் கல்லூரி என்ற ஏற்பாடே தேவையா என்று கேட்டது. இவ்வளவு தூரம் போய் யாரும் கேட்டு நான் படித்ததில்லை.

அக்கா மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப நான் போகக் கூடாதுன்னு சொல்றீங்களா மாமா?" என்றாள். போகாதே என்று சொல்லவில்லை. நம் படையில் 2015இலேயே ஒரு பெண் ஜெனரல் ஆகிவிட்டார், இவள் போகாமல் இருந்தால் யாருக்கு லாபம்? புகார் வந்தால் அதை எடுப்பவர் உன் அப்ரைசலை எழுதுபவரா, வெளியாளா, வெளிநாட்டுக் கல்லூரியில் ஏதாவது நடந்தால் அங்கே யாரிடம் போவது, இங்கே யாரிடம் சொல்வது, பாதியில் திரும்பி வந்தால் உபகாரச் சம்பளத்துக்கான பாண்டு ஒப்பந்தம் என்ன ஆகும், இதையெல்லாம் கையெழுத்துக்கு முன்னால் கேள் என்றேன். "இதைக் கேட்டா இவ இப்பவே பிரச்சினை பண்றாளேன்னு நினைக்க மாட்டாங்களா?" என்றாள். பதினெட்டு வயதில் அவளுக்கு இது தெரிந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

நம் ஊரில் இதைப் பொதுவில் பேச முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2019இல் தேசியப் பல்கலைக்கழக விடுதிக் குளியலறையில் தன்னைப் படமெடுத்தவனுக்கு ஒரு செமஸ்டர் தடைதானா என்று ஒரு மாணவி கேட்டாள். சில நாட்களிலேயே கல்வி அமைச்சரே அது போதாது என்றார், பிறகு தண்டனை விதிகள் மாறின. 2018இல் துவாஸ் வியூ தீயணைப்பு நிலையத்தில் ராகிங்கில் தண்ணீர்க் கிணற்றுக்குள் தள்ளப்பட்டு ஒரு தேசிய சேவையாளர் இறந்தபோது தள்ளியவர் மட்டுமில்லை, தடுக்காமல் இருந்த மேலதிகாரிகளும் நீதிமன்றத்தில் தண்டனை வாங்கினார்கள். பயிற்சி மரணங்களுக்குப் பிறகு 2019இல் பாதுகாப்பைக் கண்காணிக்க, படைத் தலைவரிடமே நேரடியாகப் பதில் சொல்லும் தனி அலுவலகம் வந்தது, அதற்கு முன்பே வெளியாட்கள் கொண்ட மறுஆய்வுக் குழு ஒன்றும் இருந்தது. கவச வண்டியும் பீரங்கியும் எப்படிக் கையாளப்படுகின்றன என்று பார்க்க வெளியாளை உள்ளே விட்டதால் எந்தப் படையின் கட்டுப்பாடும் குலைந்துவிடவில்லை.

பாலியல் புகாருக்கும் அதே மாதிரி வெளியாள் வேண்டும், பெயர் கேட்காத கணக்கெடுப்பு வேண்டும், அதன் எண்கள் வருடம் தவறாமல் வெளியே வர வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளின் 21.4 அசிங்கமான எண்தான். ஆனால் அதை வெளியிட்டார்கள், அதனால்தான் என் அக்கா சமையலறையில் நின்றபடி அதைப் பற்றிச் சண்டை போட முடிகிறது. சித்தப்பா இன்னும் குழுவில் பதில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார், நானும் விடப் போவதில்லை.