அம்மா, அது படிக்கிற காலேஜ் இல்லை

மதுரையில் எங்கள் தெருவுக்கு நான் இன்றைக்கும் கனடாவில் காலேஜ் லெக்சரர். அம்மா அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். "இங்கே காலேஜுகளுக்கு ஆலோசகரா இருக்கேம்மா" என்று ஒருமுறை போனில் சொன்னதில் காலேஜ் மட்டும் அவர் காதில் நின்றுவிட்டது. "ஏண்டி, உங்கிட்ட எத்தனை பிள்ளைங்க படிக்குது? லீவு எப்ப விடுவாங்க?" என்று கேட்பார். ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 2008ல் டொரோண்டோவில் வந்து இறங்கியபோது நானும் அதே தப்பைத்தான் செய்தேன்.

பிசியோதெரபிஸ்டாக வேலை செய்ய வேண்டுமானால் முதலில் காலேஜில் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். நாலரை வருஷப் படிப்பையும் ஆறு வருஷ அனுபவத்தையும் குப்பையில் போட்டுவிட்டு மறுபடியும் முதல் வருஷத்திலிருந்தா என்று அன்றிரவு அழுதேன். இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. டொரோண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாநிலத்தில் மருத்துவர், செவிலியர், பல் மருத்துவர், மருந்தாளுநர், பிசியோ என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு காலேஜ் உண்டு, ஆனால் எதிலும் வகுப்பறை கிடையாது. தகுதி உள்ளவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதும், அவர்மேல் புகார் வந்தால் விசாரிப்பதும், தேவைப்பட்டால் பெயரை எடுப்பதும்தான் அதன் வேலை. 1991ல் நிறைவேறி 1993 டிசம்பர் 31ல் அமலுக்கு வந்த ஒரு சட்டம் இவை எல்லாவற்றுக்கும் தாய்ச்சட்டம். இப்போது அதன் கீழ் 26 காலேஜுகள் இருக்கின்றன.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: உங்கள் நாட்டில் நீங்கள் பதிவு செய்துள்ள ஒழுங்குமுறை அமைப்பு எது? அங்கிருந்து நன்னிலைக் கடிதம், அதாவது உங்கள் பதிவில் குறை எதுவும் இல்லை என்ற சான்று, வாங்கி அனுப்பவும். மருத்துவருக்கு மெடிக்கல் கவுன்சில் உண்டு, நர்சுக்கு நர்சிங் கவுன்சில் உண்டு. நான் படித்து முடித்த காலத்தில் பிசியோதெரபிக்கு இந்தியா முழுமைக்குமான சட்டபூர்வ கவுன்சில் எதுவும் இல்லை. டெல்லி, மகாராஷ்டிரா என்று சில இடங்களில் மாநிலச் சட்டம் இருந்தது. தேசிய அளவில் சட்டம் வந்ததே 2021ல்தான். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. கட்டத்தைக் காலியாக விடக்கூடாதே என்று நான் உறுப்பினராக இருந்த தொழில் சங்கத்தின் பெயரை எழுதி, சங்கத்திடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கடிதமும் வாங்கி அனுப்பினேன். சில வாரம் கழித்துப் பதில் வந்தது. இரண்டே வரி. சங்கம் ஒழுங்குமுறை அமைப்பு ஆகாது.

சங்கம் தொழில் செய்கிறவருக்காகப் பேசும், சம்பளம் கேட்கும், பெருமை பேசும். காலேஜ் பேச வேண்டியது மக்களுக்காக. பொதுமக்கள் நலனுக்குச் சேவை செய்து அதைக் காப்பதே கடமை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த இரண்டு வரிக் கடிதம் சொல்ல வந்தது இதைத்தான். ஆனால் டொரோண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோ பகுதியில் ஒரு அடித்தள வீட்டில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்தவளுக்கு "நீ ஆகமாட்டாய்" என்றுதான் கேட்டது.

சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே. ஒரு கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்தேன். ஐஸ் பேக் மாற்றுவது, துண்டு மடிப்பது, படுக்கையைத் துடைப்பது. முன்னதாக நாலைந்து இடத்தில் ஏறி இறங்கியபோது எல்லோரும் கேட்டது ஒன்றே: கனடிய அனுபவம் இருக்கிறதா? வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று கேட்க எனக்கு அன்றைக்கு இங்கிலீஷும் போதவில்லை, துணிச்சலும் போதவில்லை. 2013ல் ஒண்டாரியோ மனித உரிமை ஆணையம் இந்தக் கேள்வியைப் பாகுபாடாகக் கருத வேண்டும் என்று கொள்கை வெளியிட்டது. சுகாதாரக் காலேஜுகள் பதிவுக்குக் கனடிய அனுபவம் கேட்பதற்குத் தடை வந்தது 2023 ஜனவரி 1ல். என் கணக்கில் பதினைந்து வருஷம் லேட்.

பதிவுக்கான தேர்வு கதை தனி. எழுத்துத் தேர்வு சிரமமில்லை, நாம் மனப்பாடத்தில் பிறந்தவர்கள். செய்முறைத் தேர்வில்தான் முதல் தடவை தோற்றேன். மணி அடித்தால் ஒரு அறை, அங்கே நோயாளியாக நடிக்க ஒருவர் இருப்பார். மறுபடி மணி அடித்தால் அடுத்த அறை. மதுரையில் "பாட்டி, இப்படித் திரும்பிப் படுங்க" என்று சொல்லும்போதே கை முதுகில் இருக்கும். பாட்டியும் அதைத்தான் எதிர்பார்ப்பார், தாமதித்தால் திட்டுவார். என்னோடு சேர்ந்து படித்த பஞ்சாபிப் பெண் ஒருத்தி நான் பயிற்சி செய்வதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உன் வீட்டு அலமாரியைத் திறக்கிற மாதிரி நோயாளியைத் தொடுகிறாய்." என்ன செய்யப் போகிறேன், எதற்காக, வலிக்குமா, வேறு வழி உண்டா, தொடலாமா? இத்தனையும் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அடுத்த ஒரு வருஷம் கணவர் தோளில் கை போடுவதற்கு முன்னாலும் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தேன்.

கணவர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2011ல் பதிவு கிடைத்து வேலையில் சேர்ந்த குளிர்காலத்தில் பனி அள்ளப் போய் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. வீட்டில் பிசியோ இருக்க வெளியே காசு கொடுப்பதா என்றார். கொடுக்கத்தான் வேண்டும் என்றேன். காலேஜுகளின் அந்தத் தாய்ச்சட்டத்தில் நோயாளியோடு உடலுறவு என்பது சம்மதம் இருந்தாலும் பாலியல் துஷ்பிரயோகம், தண்டனை உரிமம் ரத்து. மனைவியோ கணவனோ சிகிச்சைக்கு வந்தால் அவரும் நோயாளிதான். பின்னாளில் பல் மருத்துவர்களுக்கு விலக்கு கிடைத்தது, எங்களுக்கு அப்போது இல்லை. ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சலூனில் முடி வெட்டியதும் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுப்பார்களே, இங்கே முதுகெலும்பு மூட்டை அப்படி வெடுக்கென்று அதன் எல்லைக்கு அப்பால் தள்ளுவது சட்டம் பூட்டி வைத்த செயல்களில் ஒன்று. அனுமதி இல்லாதவர் செய்தால் முதல் தடவைக்கே 25,000 டாலர் வரை அபராதம் அல்லது ஒரு வருஷம் வரை சிறை. எங்கள் தெரு சலூன் அண்ணனிடம் சொன்னேன். "அப்ப அங்க யாருக்கும் தலைவலியே போகாதே" என்று வருத்தப்பட்டார்.

சிகிச்சை வேலையிலிருந்து இந்தப் பக்கம் வந்ததில் திட்டம் எதுவும் இல்லை. 2014ல் சக பிசியோக்களின் கிளினிக்குகளுக்குப் போய் அவர்களுடைய குறிப்பேடுகளைப் பார்த்துத் தரத்தை மதிப்பிடும் பகுதிநேர வேலை வந்தது. அது பிடித்துப்போய் வேறொரு தொழிலின் காலேஜில் பதிவுப் பிரிவில் முழுநேரமாகச் சேர்ந்தேன். முதல் வாரமே ஒரு கோப்பு. வேறு கண்டத்துக்காரர். ஒழுங்குமுறை அமைப்பு என்ற கட்டத்தில் தொழில் சங்கத்தின் பெயரை எழுதியிருந்தார். கூடவே முத்திரை குத்திய ஒரு கடிதம், யாரிடமோ கெஞ்சி வாங்கியது. பதில் எழுத வேண்டியது நான். பழைய மாதிரிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதே இரண்டு வரி.

அன்று மாலை வரை அந்தக் கடிதத்தை நான் அனுப்பவில்லை. பிறகு மேலாளரிடம் போய், விண்ணப்பத்தில் ஒரு டிக் கட்டம் சேர்க்கலாமா என்று கேட்டேன். "என் நாட்டில் இந்தத் தொழிலுக்கு ஒழுங்குமுறை அமைப்பு இல்லை" என்று ஒரு வரி, அப்படியானால் அதற்குப் பதில் என்ன ஆவணம் தரலாம் என்று இன்னொரு வரி. அவ்வளவுதான். நல்ல யோசனை என்றார். கொள்கைக் குறிப்பு எழுதினேன். சட்ட ஆலோசகர் பார்த்தார். பதிவுக் குழு இரண்டு கூட்டத்தில் பேசியது. யாரோ ஒருவர், பொய் டிக் போட்டால் என்ன செய்வது என்று கேட்டார். நியாயமான கேள்விதான், எந்தெந்த நாட்டில் எந்தத் தொழிலுக்குச் சட்டம் உண்டு என்று பட்டியல் தயாரித்தேன். அந்த டிக் கட்டம் அச்சில் வர பதினான்கு மாதம் ஆனது. என் தொழில் வாழ்க்கையின் ஆகப் பெரிய சாதனை எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

2019ல் தனியாக ஆலோசகரானேன். விண்ணப்பப் படிவங்களைத் திருத்துவது, பதிவு நடைமுறை நியாயமாக இருக்கிறதா என்று பார்ப்பது, குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி தருவது. இங்கே இதற்கென்று 2006ல் போட்ட சட்டமும் நியாய ஆணையர் அலுவலகமும் இருக்கின்றன. முதல் ஆணையர் கிரெனடாவிலிருந்து குடியேறி வந்து, கனடா நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் ஜீன் ஆகஸ்டின். அவருடைய பெயரைப் படித்த அன்றைக்கு, இந்த வேலைக்குள் நமக்கும் இடம் உண்டு போலிருக்கிறது என்று தோன்றியது.

பயிற்சியில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, நீங்கள் இங்கே உங்கள் தொழிலின் பிரதிநிதி இல்லை என்பது. தன் தொழில்காரர்களிடம் தேர்தலில் ஓட்டு வாங்கிக் காலேஜ் வாரியத்துக்கு வந்தவருக்கு இது உறைப்பதில்லை. கனடாவின் இன்னொரு மாநிலமான பிரிட்டிஷ் கொலம்பியா 2022ல் போட்ட சட்டத்தில் வாரியத்துக்குத் தேர்தலையே எடுத்துவிட்டு நியமனம் என்று ஆக்கியது. எனக்கு அது சரி என்றே படுகிறது, இதைச் சொல்லி இரண்டு விருந்துகளில் சண்டையும் போட்டிருக்கிறேன்.

நம் ஆட்களிடமிருந்து வரும் போன் வேறு வகை. "அக்கா, நம்ம பொண்ணு அப்ளிகேஷன் அங்க கிடக்குது, கொஞ்சம் சொல்லிவிடுங்களேன்." சொல்ல முடியாது என்றால் கோபம். நான் துண்டு மடித்த கதை தெரிந்தவர்களுக்கு இன்னும் கோபம். கதவை அகலத் திறப்பது வேறு, காவலாளியை வீட்டுக்கு அனுப்புவது வேறு என்று எப்படி விளக்குவது? இதே ஒண்டாரியோவில் எலிசபெத் வெட்லாஃபர் என்ற நர்ஸ் தன் பொறுப்பில் இருந்த முதியவர்கள் எட்டுப் பேரைக் கொன்றார். அவர் தானாக ஒப்புக்கொண்டிராவிட்டால் அது வெளியே வந்தே இருக்காது என்று நீதிபதி ஐலீன் கில்லீஸின் 2019 அறிக்கை சொன்னது. 91 பரிந்துரைகள். அதைப் படித்து முடித்த வாரம் எந்த விண்ணப்பத்தைத் தொட்டாலும் கை கொஞ்சம் தயங்கியது.

போன வருஷம் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரி கதவைத் தட்டினார். கட்டிய பல் இரண்டு தரம் கழன்றுவிட்டதாம். "பிள்ளை, டொக்டர் எங்கட ஆள்தான். கோயில்லயும் காணுறனான். முறைப்பாடு குடுத்தா என்ன நினைப்பினம்?" பல் மருத்துவர்களின் காலேஜுக்கு நான் அப்போது ஒரு வேலை செய்துகொண்டிருந்தேன், அதனால் புகாரை எழுதித் தர முடியாது என்றேன். யாருக்கும் சொல்லக்கூடியதை மட்டும் சொன்னேன். எழுத்திலோ ஒலிப்பதிவிலோ கொடுக்கலாம். டாக்டருக்கு அறிவித்துவிட்டு, பதில் சொல்ல 30 நாள் தருவார்கள். 150 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம், பல சமயம் இழுக்கும். முடிவு திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் தனி வாரியத்திடம் மறுபரிசீலனை கேட்கலாம்.

"காசு திரும்ப வருமோ?"

"அதுக்கு கோர்ட்டுக்குத்தான் போகணும், அன்ரி."

"அப்ப என்னத்துக்கு இந்தக் கொலிஜ்?"

அவர் கேட்டதற்கு அன்று நான் சொன்ன பதில் அவ்வளவு எடுபடவில்லை. அடுத்து வருகிறவர் பல் கழலாமல் இருக்க என்றேன். அதை யோசித்துக்கொண்டே போனார். ஒரு வாரம் கழித்து, பேரன் பக்கத்தில் உட்கார்ந்து டைப் அடிக்க, தானே சொல்லச் சொல்லப் புகாரை அனுப்பிவிட்டார் என்று தெரிந்தது. பெற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்த அன்றைக்குக் கையில் உறையோடு எங்கள் வாசலில் நின்றார்.

"பிள்ளை, கொலிஜில இருந்து கடிதம் வந்திருக்கு. நான் பாஸோ, பெயிலோ?"