தேய்மானம்

வருமான வரித் துறையின் அந்த நோட்டீஸ் ஒரு பிப்ரவரி மாதக் காலையில் வந்தது. திருமங்கலம் பக்கத்தில் இருக்கும் ஒரு சிறு நூற்பாலையின் கணக்கு அது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் தணிக்கை செய்து கையெழுத்திட்டது. வேறோர் ஆலையிலிருந்து 48 லட்சம் ரூபாய்க்கு அவர்கள் பழைய நூற்பு இயந்திரங்களை வாங்கியிருந்தார்கள். அவை ஓடத் தொடங்கிய நாள் நவம்பர் 12. இயந்திரம் தேய்வதற்காக ஆண்டுதோறும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகைதான் தேய்மானம். ஓர் இயந்திரம் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் தேய்மானத்தில் பாதியைத்தான் கழிக்கலாம். எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளும் விதி இது. நான் விலையில் முழு 15 சதவீதத்தையும் கழித்திருந்தேன். 3,60,000 ரூபாய் இருக்க வேண்டிய இடத்தில் 7,20,000 ரூபாய்.

நவம்பர் 12 என்ற தேதியும் 7,20,000 என்ற தொகையும் ஒரே தாளில், ஒரே வரியில் இருந்தன. நான் எழுதினேன், உடன் வேலை பார்த்தவர் சரிபார்த்தார். இரண்டு பேருடைய கண்ணும் அந்த வரியைக் கடந்து போயிருக்கின்றன.

பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அந்த அறிக்கை முடிந்தது செப்டம்பர் 28, நள்ளிரவு தாண்டி ஒன்றேகால் மணிக்கு. அன்று காலை ஐந்தரைக்கு எழுந்திருக்கிறேன். அதற்கு முந்தைய பத்து நாட்களும் நான்கு மணி நேரத் தூக்கம்தான். தணிக்கை அறிக்கைக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30 என்பதால் எங்கள் தொழிலில் அந்த மாதம் முழுக்கப் போர்க்களம். எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனோம் என்பதை நாங்கள் ஒருவருக்கொருவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். இரண்டு மணிக்குப் போனவனுக்குப் பன்னிரண்டு மணிக்குப் போனவனைவிட மதிப்பு அதிகம்.

1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் ஒரு சோதனை செய்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கவனமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவருடைய நிலைக்கு வந்துவிடுகின்றன என்று கண்டார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03 சதவீதம். அன்றிரவு நான் கையெழுத்துப் போட்டபோது விழித்து ஏறக்குறைய இருபது மணி நேரம் ஆகியிருந்தது. ஆலை முதலாளி என்னை நம்பித் தந்த கணக்கின் மேல் அந்த நிலையில்தான் பேனாவை வைத்திருக்கிறேன். இதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதலாளியிடம் நேரில் போய்ச் சொன்னேன். வரியும் வட்டியுமாக ஒரு லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை. "உங்கள் ஆபீஸ் விளக்கு ராத்திரி ஒரு மணிக்கும் எரிகிறது என்று எங்கள் டிரைவர் சொல்வான். நமக்காக இப்படி உழைக்கிறார்களே என்று நினைத்துக்கொள்வேன் சார்" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அதே ஆலையில் ஷிப்ட் பதிவேடுகளை நான் எத்தனையோ முறை கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறேன். தொழிலாளியிடம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் தானாக வந்ததல்ல. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே பல ஆண்டுகள் போராடி, 1890 ஜூன் 10 அன்று பெற்றுத் தந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் செப்டம்பர் வந்தால் நாங்கள் யோசிக்காமல் விட்டுக்கொடுத்தோம். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

இன்னொன்றும் உண்டு. கம்பெனிகள் சட்டம் 2013-இன் இரண்டாம் அட்டவணைப்படி, சில இனங்கள் நீங்கலாக, ஓர் இயந்திரம் இரண்டு ஷிப்ட் ஓடினால் அந்தக் காலத்துக்கு அதன் தேய்மானத்தை ஒன்றரை மடங்காகப் போட வேண்டும். மூன்று ஷிப்ட் ஓடினால் இரண்டு மடங்கு. இரும்பே ஆனாலும் கூடுதலாக ஓடினால் கூடுதலாகத் தேயும் என்பதை நாங்கள் கணக்கில் எழுதுகிறோம். இரண்டு ஷிப்ட் உழைத்த எங்கள் பிள்ளைகளின் தேய்மானத்தை எந்தப் பேரேட்டிலும் எழுதியதில்லை.

எங்கள் அலுவலகத்தில் கணக்குப்பிள்ளை ஐயா என்று ஒருவர் இருந்தார். படிப்பு பள்ளி இறுதி வகுப்போடு சரி. ஆனால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று அவர் மூக்கில் வியர்த்துவிடும். அவர் மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு நாளும் இருந்ததில்லை. எங்களுக்கு அதில் உள்ளூர மனக்குறைகூட உண்டு. டிரையல் பேலன்ஸ், அதாவது பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் பட்டியல், இடிக்கும்போது அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா தம்பி?" வகுபட்டால் எங்கேயோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 64-ஐ 46 என்று எழுதினால் வித்தியாசம் 18. 5,64,000-ஐ 5,46,000 என்று எழுதினால் 18,000. "இது அறிவால் தேடுகிற பிழை இல்லை, கண்ணால் தேடுகிறது. கண் தூங்கி எழுந்திருக்க வேண்டும்" என்பார். நாங்கள் இரவு முழுவதும் தேடிக் காணாததை, காலையில் குளித்து விபூதி பூசி வந்து, காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்துக் கொடுப்பார். அதை நாங்கள் அனுபவம் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். அதில் பாதிக்கு மேல் தூக்கம் என்று அந்த நோட்டீஸுக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

சரஸ்வதி பூஜையன்று அலுவலகத்துப் பேரேடுகளை அவர்தான் பலகையில் அடுக்குவார். சந்தனமும் குங்குமமும் வைத்த பிறகு விஜயதசமி காலை வரை ஒரு தாளையும் புரட்ட விடமாட்டார். சில ஆண்டுகளில் அந்த நாள் கடைசித் தேதியை ஒட்டி வந்து எங்களைத் தவிக்க வைத்திருக்கிறது. இப்போது மடிக்கணினிகளும் அந்தப் பலகையில் ஏறுகின்றன. படிப்பவனைப் படிக்காதே என்றும், எழுதுகிறவனை எழுதாதே என்றும் ஒரு நாள் நிறுத்திவைக்கும் வழக்கத்தை நம் முன்னோர் காரணமில்லாமல் ஏற்படுத்தியிருக்க மாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நோட்டீஸ் வந்த ஆண்டே எங்கள் தலைவர் சில முடிவுகளை எடுத்தார். செப்டம்பரிலும் இரவு எட்டரைக்கு விளக்கு அணையும். ஞாயிறு விடுமுறை. இரண்டாவது சரிபார்ப்பு மறுநாள் காலையில்தான். கடைசி நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்காக, ஜூன் மாதமே நாங்கள் போய்க் கணக்கு கேட்கத் தொடங்கினோம். இரண்டு வாடிக்கையாளர்கள் விலகிப் போனார்கள். அந்த நஷ்டம் உண்மையானது, அதை மறைக்க விரும்பவில்லை.

மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் கீழே இறங்கிப் போய்ப் பருத்திப்பால் குடிப்பதும் அப்போது வந்த பழக்கம். கருப்பட்டியும் சுக்கும் மணக்க, மேலே தேங்காய்ப்பூ தூவித் தருவார் அந்த வண்டிக்காரர். ஊதி ஊதிக் குடிக்க இருபது நிமிடமாகும். அங்கே கணக்கைப் பேசக் கூடாது என்பது எழுதாத விதி. கிரிக்கெட், யார் வீட்டிலோ பிறந்த குழந்தை, அழகர் ஆற்றில் இறங்கிய கூட்டம் என்று பேச்சு போகும். தலைவரே வாய்விட்டுச் சிரிப்பதை அங்கேதான் நான் முதலில் பார்த்தேன்.

ஒரு நாள், எட்டு மாதமாக வாயே திறக்காத ஒரு பயிற்சி மாணவி அந்த விதியை மீறினாள். "சார், போன வருடம் பஞ்சுக் கழிவு 13 சதவீதம். இந்த வருடம் 17 ஆகியிருக்கிறது. தப்பாகக் கேட்கிறேனோ தெரியவில்லை" என்றாள். திரும்பிப் போய்ப் பார்த்தோம். ஒரு லாட் பஞ்சை ஆலைக்காரர்கள் இரண்டு முறை இருப்பிலிருந்து கழித்திருந்தார்கள். நான்கு நாட்களாக அந்தக் கேள்வியை அவள் மனதில் வைத்திருந்தாளாம். மேலே, எல்லோரும் முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது கேட்கத் தயக்கமாக இருந்திருக்கிறது.

அமெரிக்காவில் மருத்துவர்களிடம் நடந்த ஓர் ஆய்வும் 1997-இல்தான் வெளியானது. சிலருக்கு முன்கூட்டியே ஒரு சிறு பை மிட்டாய் கொடுத்துவிட்டு, கல்லீரல் நோயாளி ஒருவரின் விவரங்களைத் தந்து நோயைக் கணிக்கச் சொன்னார்கள். மிட்டாய் பெற்றவர்கள் சரியான திசையைச் சீக்கிரம் எட்டினார்கள், முதலில் தோன்றியதையே பிடித்துத் தொங்கவுமில்லை. அந்த மிட்டாய் செய்த வேலையைத்தான் எங்களுக்குப் பருத்திப்பால் செய்கிறது என்று நினைக்கிறேன். மனம் லேசானால் பார்வை அகலமாகிறது, பக்கத்தில் இருப்பவர் சொல்வதும் காதில் விழுகிறது.

கணக்குப்பிள்ளை ஐயா இப்போது இல்லை. அந்த மாணவி தேர்வில் வென்று எங்களிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சென்ற செப்டம்பரில் ஒரு நாள் இரவு எட்டரை ஆகியும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இன்னும் அரை மணி நேரம் இருக்கட்டுமா என்று கேட்டாள். 27,000 ரூபாய் இடிக்கிறதாம்.

"ஒன்பதால் வகுபடுகிறதா?"

"வகுபடுகிறது சார்."

"அப்படியானால் காலையில் கிடைத்துவிடும். வீட்டுக்குக் கிளம்பு அம்மா."

அவள் கணினியை மூடினாள். நான் விளக்கை அணைத்தேன்.